எந்த அழுக்குக்கு எது? வீட்டிலேயே செய்யும் கிளீனர்கள்: தொடங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒரே கிண்ணத்தில் கொட்டி, பொங்கும் நுரையைக் காட்டி, "கெமிக்கலே இல்லாத கிளீனர் ரெடி" என்று சொல்லும் காணொளிகள் ஏராளம். நுரை அடங்கியதும் கிண்ணத்தில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புக் கரைந்த தண்ணீர்தான். அதைக் கொண்டு பிசுக்கையும் எடுக்க முடியாது, உப்புக்கறையையும் எடுக்க முடியாது. முயன்று பார்த்தவர்கள் "இயற்கைப் பொருளெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று சலித்துப்போய், பழையபடி பாத்ரூம் ஆசிட்டையே வாங்கிவந்துவிடுகிறார்கள்.

வினிகர் மேலும் குற்றமில்லை, சோடா மேலும் குற்றமில்லை. தனித்தனியே இரண்டும் நன்றாக வேலை செய்யும், ஆனால் வெவ்வேறு அழுக்குகள் மேல். அழுக்கு என்ன வகை என்று முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்ற பொருளை எடுப்பதுதான் இதில் அடிப்படை. இது பிடிபட்டால் குறிப்புகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

## ஆரத்தி ஏன் சிவக்கிறது?

மஞ்சளைத் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கும். குழம்புக் கறை பட்ட வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் அந்த இடம் சட்டென்று சிவப்பதும் இதனால்தான். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்னும் நிறப்பொருள், தன்னைச் சுற்றி இருப்பது அமிலமா காரமா என்பதற்கேற்ப நிறம் மாறுகிறது.

புளி, எலுமிச்சை, வினிகர் போலப் புளிப்பானவை அமிலங்கள். சுண்ணாம்பு, சோப்பு, சாம்பல், சோடா ஆகியவை காரங்கள். கையில் பட்டால் வழவழவென்று இருக்கும். ஒன்று எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதை அளக்கும் எண்ணுக்கு பிஹெச் என்று பெயர். 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5 வரை, வினிகர் 2.5 முதல் 3 வரை, ஆப்ப சோடாக் கரைசல் 8க்குச் சற்று மேல், சோப்பு 9 முதல் 10 வரை, வாஷிங் சோடாக் கரைசல் 11ஐ ஒட்டி. ஓர் எண் தள்ளினால் பத்து மடங்கு வித்தியாசம் என்பதை மறக்கக் கூடாது. ஆப்ப சோடாவும் வாஷிங் சோடாவும் பார்க்க ஒரே வெள்ளைப் பொடிதான். ஆனால் காரத்தன்மையில் நூற்றுக்கணக்கான மடங்கு வேறுபாடு உண்டு.

ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால் வீட்டுக்குள்ளேயே ஒரு சோதனைக்கூடம் கிடைத்துவிடும். நீங்கள் தயாரித்த கரைசலில் ஒரு சொட்டை அதில் விடுங்கள். சிவந்தால் காரம். மஞ்சளாகவே இருந்தால் அமிலமாகவோ நடுநிலையாகவோ இருக்கும்.

சுருக்கமாக: துப்புரவுப் பொருள்களில் பெரும்பாலானவை அமிலமாகவோ காரமாகவோ இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும்.

## உப்புக்கறைக்கும் களிம்புக்கும் அமிலம்

போர்வெல் தண்ணீர் ஓடும் வீடுகளில் குழாயின் முனை, ஷவர், பாத்ரூம் டைல்ஸ், தண்ணீர் காய்ச்சும் கெட்டில் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிவதை உப்புக்கறை என்கிறோம். அது சமையல் உப்பு அல்ல, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அது கரையாது. அமிலம் பட்டால் கரியமில வாயுவை வெளியேற்றிக்கொண்டே கரைந்துவிடும். சின்னச் சின்னக் குமிழிகள் வருவது வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

இதற்கு வினிகரைவிட சிட்ரிக் அமிலம் நல்லது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். மணம் இல்லை, விலையும் குறைவு. 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 டேபிள்ஸ்பூன், அதாவது ஏறக்குறைய 30 கிராம், கரைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸில் தெளித்து 10 நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவலாம். ஷவர் என்றால் ஒரு பிளாஸ்டிக் பையில் இந்தக் கரைசலை ஊற்றி, ஷவரின் முகம் மூழ்கும்படி கட்டி, அரை மணி நேரம் விட்டால் போதும். இரவு முழுக்கக் கட்டிவைத்தால் குழாயின் குரோம் பூச்சு மங்கிப்போகும்.

கெட்டிலுக்கும் இதே கரைசல்தான். ஆனால் நீண்ட நேரம் கொதிக்க வைக்காதீர்கள். சூடு ஏற ஏறக் கரையும் தன்மை குறைகிற கால்சியம் சிட்ரேட் என்ற புதிய படிவு உண்டாகி, போன கறைக்குப் பதில் இன்னொரு வெள்ளைக் கறை உட்கார்ந்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். 20 நிமிடம் ஊறியதும் கொட்டிவிட்டு இரண்டு முறை அலசுங்கள்.

பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்குப் புளி போடுவதும் இதே கணக்குதான். உலோகத்தின் மேல் ஏறிய கருமையைப் புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கரைக்கிறது. நெல்லிக்காய் அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, அரைத் தேக்கரண்டி கல்லுப்புச் சேர்த்துத் தேய்த்தால் குத்துவிளக்கு பளிச்சென்று ஆகும். பூசிவிட்டு மறந்துபோனால்தான் சிக்கல். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் மேற்பரப்பில் உள்ள துத்தநாகம் முதலில் கரைந்து, செம்பு மட்டும் மிஞ்சி, இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரியும். எனவே ஐந்து நிமிடத்துக்குள் தேய்த்துக் கழுவி, உடனே ஈரம் துடைத்துவிட வேண்டும். ஈரத்தோடு விட்ட விளக்கு அடுத்த நாளே கறுக்கத் தொடங்கும்.

அமிலம் படக்கூடாத இடங்கள்தான் இந்தப் பகுதியில் மிக முக்கியம். மார்பிள் கால்சியம் கார்பனேட். நம் ஊர்ச் சமையல் மேடைகளில் நிறைய வீடுகளில் இருக்கும் கடப்பா கல் ஒரு வகைச் சுண்ணாம்புக் கல், அதுவும் அப்படியே. மொசைக் தரையில் மார்பிள் சில்லுகளும் சிமென்டும் இருக்கின்றன. ஆத்தங்குடி ஓடும் சிமென்டால் செய்யப்படுவது. குழாயின் கறையைக் கரைக்கிற அதே வினை இந்தப் பரப்புகளையும் அரித்துவிடும். கடப்பா கல் மேடையில் எலுமிச்சைப் பழத்தை வெட்டிவைத்த இடம் வெளிறிப்போய் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்ட தடம். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, பாலிஷ் போட்டால்தான் சரியாகும். கிரானைட்டும் பீங்கான் டைல்ஸும் லேசான அமிலத்தைத் தாங்கும். ஆனால் டைல்ஸுக்கு நடுவே உள்ள சிமென்ட் பூச்சு தாங்காது என்பதால் ஊறவிடும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

## பிசுக்குக்கும் கருகலுக்கும் காரம்

அடுப்புக்குப் பின்னால் உள்ள டைல்ஸில் கையை வைத்தால் ஒட்டும் மஞ்சள் பிசுக்கு, தாளிக்கும்போது தெறித்த எண்ணெய். சூட்டிலும் காற்றிலும் கிடந்து கிடந்து கெட்டியாகி வார்னிஷ் போலப் படிந்துவிட்டது. இதன் மேல் வினிகரைத் தெளிப்பது வீண். காரம்தான் வேண்டும். காரம் எண்ணெயோடு வினைபுரிந்து அதில் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடுகிறது. அந்தச் சோப்பு மிச்சப் பிசுக்கையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

1 லிட்டர் சூடான தண்ணீரில் 1 டேபிள்ஸ்பூன் வாஷிங் சோடா. கையுறை கட்டாயம், ஏனென்றால் இது தோலில் உள்ள எண்ணெயையும் விட்டுவைக்காது. துணியை நனைத்துப் பிசுக்கின் மேல் ஒட்டவைத்து 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளைப் பூச்சாகத் தெரியும்.

அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்துக்கு ஆப்ப சோடாவே போதும். கருகிய இடம் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, 2 டேபிள்ஸ்பூன் சோடா போட்டு, சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறும்வரை அப்படியே வையுங்கள். கருகல் ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். சிங்க், மிக்ஸி ஜாரின் வெளிப்புறம் போன்றவற்றுக்கு மூன்று பங்கு சோடாவில் ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் குழைத்துத் தேய்க்கலாம். கீறல் விழாது, ஏனென்றால் சோடாவின் துகள் மென்மையானது.

அலுமினியம் காரத்துக்கு ஆகாது. வாஷிங் சோடாவோ சாம்பலோ ஆப்ப சோடாவோ பட்டு ஊறினால் கறுத்து, மேற்பரப்பு அரிந்துபோகும். இட்லித் தட்டு, பழைய குக்கர் இவற்றை எல்லோரும் கவனித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் மறந்துபோவது சிம்னியின் வலை ஃபில்டரை. அது பெரும்பாலும் அலுமினியம். எவர்சில்வர் தகடுகளால் ஆன ஃபில்டர் என்றால் பயமில்லை.

சுருக்கமாக: வெள்ளையாகப் படிந்த கறையும் உலோகக் கருமையும் அமிலத்துக்குப் போகும். ஒட்டும் பிசுக்கும் கருகலும் காரத்துக்குப் போகும். சுண்ணாம்புக் கல்லுக்கு அமிலம் ஆகாது, அலுமினியத்துக்குக் காரம் ஆகாது.

## அன்றாட அழுக்குக்குப் பூந்திக்கொட்டை

தினமும் கழுவும் தட்டு, துடைக்கும் தரை ஆகியவற்றில் இருப்பது தூசியும் லேசான எண்ணெயும் கலந்த அழுக்கு. இதற்குக் கடுமையான அமிலமும் வேண்டாம், காரமும் வேண்டாம். எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துக்கொண்டு போக ஒரு பொருள் இருந்தால் போதும். அத்தகைய பொருளின் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெயை நாடும் முனைகள் ஒரு துளி எண்ணெயைச் சூழ்ந்து பிடித்துக்கொள்ள, வெளிப்பக்கம் இருக்கும் முனைகள் அதைத் தண்ணீரோடு இழுத்துச் செல்லும். இதற்குப் பரப்பியங்கி என்று பெயர். சோப்பும் ஒரு பரப்பியங்கிதான். பூந்திக்கொட்டை, சீயக்காய் இரண்டிலும் சபோனின் என்ற பரப்பியங்கி இயல்பாகவே இருக்கிறது.

சோப்பைவிடப் பூந்திக்கொட்டைக்கு ஒரு மேன்மை உண்டு. உப்புத் தண்ணீரில் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து, பக்கெட்டின் ஓரத்தில் சாம்பல் நிறப் பிசுக்காக ஒட்டும். சபோனின் அப்படித் திரிவதில்லை.

கொட்டையை உடைத்து உள்ளே உள்ள கறுப்பு விதையை எடுத்துவிடுங்கள். சபோனின் இருப்பது மேல்தோலில்தான். தோல் 50 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, மறுநாள் சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பெரிய பாத்திரமாக எடுங்கள், பால் போலப் பொங்கி வழியும். ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து, துணியில் வடிகட்டினால் பழுப்பு நிறச் சாறு கிடைக்கும். பாத்திரம் கழுவ ஒரு கிண்ணத்துக்கு 3 அல்லது 4 டேபிள்ஸ்பூன். தரை துடைக்க 5 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி.

இது கெட்டுப்போகும். சாற்றில் சர்க்கரைச் சத்தும் இருப்பதால் வெளியே வைத்தால் ஓரிரு நாளில் புளித்து, நுரைக்கும் திறனும் குறைந்துவிடும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது ஒன்றிரண்டு கட்டிகளை எடுத்துக்கொள்வது நல்ல வழி. வெள்ளைத் துணிக்கு ஆகாது, நாளாவட்டத்தில் பழுப்பேறும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சபோனின் மீன்களுக்கு நஞ்சு என்பதால், மீன்தொட்டியிலோ குளத்திலோ இந்தக் கழுவுநீர் கலக்கக் கூடாது.

நுரை குறைவாக வருவதைப் பார்த்து மேலும் மேலும் ஊற்ற வேண்டாம். அழுக்கை எடுப்பது நுரை அல்ல. எண்ணெய் வழியும் வாணலிக்குப் பூந்திக்கொட்டைச் சாறு மட்டும் போதாது என்பதும் உண்மை. முதலில் எண்ணெயைப் பழைய காகிதத்தால் துடைத்துவிட்டு, சீயக்காய்ப் பொடியையோ கடலை மாவையோ தூவித் தேய்த்தால், பொடி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சாறு தன் வேலையைச் செய்யும்.

## எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் ஊற்றினால்

இப்போது அந்தப் பொங்கும் கிண்ணத்துக்கு வருவோம். கடையில் விற்கும் 5 சதவீத வினிகர் 100 மில்லியில் 5 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அதை முழுவதும் செயலிழக்கச் செய்ய 7 கிராம் ஆப்ப சோடா, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி போதும். வினை முடிந்ததும் அமிலமும் இல்லை, சோடாவும் இல்லை. சோடியம் அசிடேட் என்ற உப்பும் தண்ணீரும் இருக்கும், கரியமில வாயு பறந்துபோயிருக்கும். கலந்து பாட்டிலில் அடைத்து வைத்தால் அந்த வாயு பாட்டிலை வெடிக்கவும் வைக்கும்.

சிங்க் அடைப்புக்கும் இதையே சொல்கிறார்கள். பொங்கும்போது ஏற்படும் அசைவில் லேசான தூசி நகரலாம். எண்ணெயும் முடியும் சேர்ந்த அடைப்பு அசையாது. முடியைக் கம்பியால்தான் எடுக்க வேண்டும். எண்ணெய் அடைப்புக்கு அரைக் கப் வாஷிங் சோடாவைக் கொட்டி, சூடான தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், பிவிசி குழாய் இளகி மூட்டுகளில் கசியும்.

சோப்புக் கரைசலில் வினிகர் சேர்ப்பது இன்னொரு தவறு. அமிலம் பட்டதும் சோப்பு மறுபடி கொழுப்பு அமிலமாக மாறி, திரிந்த பால் போல வெள்ளைத் திப்பியாகப் பிரியும். வினிகரும் வீண், சோப்பும் வீண். இரண்டும் தேவைப்படும் இடத்தில் முதலில் காரத்தாலோ சோப்பாலோ பிசுக்கை எடுத்து, நன்றாகக் கழுவிவிட்டு, அதன் பிறகு அமிலத்தைப் போடுங்கள். பாத்ரூம் சுவரில் சோப்புப் பிசுக்கின் அடியில் உப்புக்கறை ஒளிந்திருக்கும். இந்த வரிசையில் செய்தால் இரண்டும் போகும்.

## பயோ என்சைம்: பெயரும் உண்மையும்

எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோல்களை வெல்லத்தோடு புளிக்கவைப்பது இது. அளவு 1:3:10. வெல்லம் 100 கிராம், தோல் 300 கிராம், தண்ணீர் 1 லிட்டர், 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். கண்ணாடி வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கும். கால் பங்கு இடம் காலியாக இருக்கட்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றி, தோல் மூழ்கும்படி குலுக்கிவிடுங்கள். பிறகு வாரம் ஒருமுறை போதும். மூன்று மாதத்தில் தயாராகும்.

உள்ளே நடப்பது இதுதான்: ஈஸ்ட் வெல்லத்தைச் சாராயமாக மாற்றுகிறது. பாக்டீரியாக்கள் அந்தச் சாராயத்தை அசிட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. என்சைம் என்பது உயிரணுக்கள் உருவாக்கும், வினைகளை வேகப்படுத்தும் ஒரு புரதம். கொஞ்சம் என்சைம் இதில் இருக்கலாம். ஆனால் பெரும்பகுதி வேலையைச் செய்வது அமிலமும், தோலில் இருந்து வந்த எண்ணெயும்தான். ஆகவே இதைப் பழத்தோல் வாசனை கொண்ட வினிகராகவே கருதுங்கள். டைல்ஸ் தரைக்கு 5 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி, கழிப்பறைக் கோப்பைக்கு நீர் கலக்காமல். கடப்பா கல்லுக்கும் மொசைக்குக்கும் இதுவும் ஆகாது.

மேலே வெள்ளை ஆடை படர்ந்தால் அது ஈஸ்ட், கவலை வேண்டாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு போல வளர்ந்தால் பூஞ்சை, கொட்டிவிடுங்கள். தோல் தண்ணீருக்கு மேலே மிதந்து காய்வதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். அவசரப்பட்டு ஒரு மாதத்திலேயே வடிகட்டினால் மாறாத வெல்லம் மிச்சமிருந்து தரை பிசுபிசுக்கும், எறும்பும் வரும்.

## சுத்தம் வேறு, கிருமி நீக்கம் வேறு

இதுவரை சொன்னவை எல்லாம் அழுக்கை எடுப்பவை. அழுக்கோடு கிருமிகளும் கணிசமாகப் போய்விடும். அன்றாட வாழ்வுக்கு அது போதும். ஆனால் வீட்டில் ஒருவருக்கு வாந்தி பேதி என்றால் வினிகரையோ வேப்பிலைத் தண்ணீரையோ நம்பி இருக்கக் கூடாது. முதலில் சோப்பால் கழுவிவிட்டு, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் (பிளீச் திரவம் என்பது இதுதான்) 20 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து, 10 நிமிடம் ஈரமாக விட்டுத் துடையுங்கள். அந்த ஒரு வேலைக்கு அதுதான் சரியான பொருள். ஜன்னலைத் திறந்து வைத்து, அன்றன்றைக்குக் கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

## இயற்கை என்றால் நஞ்சில்லை என்று பொருளா?

இல்லை. தரை துடைக்கும் தண்ணீரில் கற்பூரத்தைப் பொடித்துப் போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. சிறு குழந்தை கற்பூரத்தைச் சிறிதளவு விழுங்கினாலே வலிப்பு வரலாம். யூகலிப்டஸ் தைலமும் விழுங்கினால் ஆபத்தானது. எறும்புக்கும் வாசனைக்கும் இவற்றைப் பயன்படுத்துபவர்கள் தவழும் குழந்தை உள்ள வீட்டில் விட்டுவிடுவது நல்லது.

வீட்டில் செய்தது என்பதும் உத்தரவாதம் அல்ல. பாத்திரம் கழுவும் திரவம் தயாரிக்கக் கடைகளில் விற்கும் தொகுப்புகளில் ஆசிட் ஸ்லரி என்ற கடும் அமிலமும் காஸ்டிக் சோடா என்ற கடும் காரமும் இருக்கும். இரண்டுமே தோலையும் கண்ணையும் பொசுக்கும். தொழிற்கூடத்தில் செய்வதை அடுக்களையில் செய்கிறோம் என்பதைத் தவிர அதில் இயற்கை எதுவும் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து பிளீச்சோடு வேறெதையும் கலப்பது. பிளீச்சிங் பவுடரிலோ பிளீச் திரவத்திலோ அமிலம் பட்டால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பும். அந்த அமிலம் பாத்ரூம் ஆசிட்டாக இருந்தாலும் எலுமிச்சை உப்பாக இருந்தாலும் பயோ என்சைமாக இருந்தாலும் இதே கதைதான். கழிப்பறையை இன்று ஒன்றால் கழுவினால், நிறையத் தண்ணீர் ஊற்றி அலசியபின் மற்றதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூக்கில் நெடி ஏறினால் கழுவிவிட நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

தயாரித்த எதையும் குடிநீர், குளிர்பான பாட்டில்களில் ஊற்றி வைக்காதீர்கள். பூந்திக்கொட்டைச் சாறு டிகாக்‌ஷன் போலவும், பயோ என்சைம் பழரசம் போலவும்தான் இருக்கும். பொருளின் பெயரும் தயாரித்த தேதியும் எழுதி ஒட்டி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். காரத்தைக் குடித்தவருக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்து முறிக்கவும் முயல வேண்டாம், இன்னும் புண்ணாகும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, 108ஐ அழைத்து, அந்தப் பாட்டிலையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.